ஒன்பது நாற்பது

அங்கே எட்டு மணி என்றால் மனாமாவில் ஐந்தரை.
தபால் ஓட்டுகளை அங்கே பிரிக்கும்போது
இங்கே நான் கோல்ட் ஸ்டோர் ஷட்டரைத் தூக்குகிறேன்.
குப்பூஸ் வண்டிக்காரன் இருபது பாக்கெட் என்று வைக்கிறான்.
பதினெட்டு என்கிறேன்.
மறுபடி எண்ணுகிறான். பத்தொன்பது.

உப்புக்கிணறு தொகுதியில் இது வழக்கம்தான்.
நான் பிறந்த வருஷம் பூட்டு ஜெயித்தது
நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
மறு எண்ணிக்கையில் அது எழுபதானது.
அந்த எழுபதில் ஒருத்தன் தான்தான் என்று
கறிக்கடைச் சந்தில் முந்நூறு பேராவது
சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அடுத்து தராசு.
அதற்கடுத்து மறுபடி பூட்டு,
ஆனால் நின்றது தராசுக்காரர்தான்,
வேட்டிக் கரையை மட்டும் மாற்றிக்கொண்டு.
ஒரே ஒரு முறை சுயேச்சை, அடிபம்பு சின்னம்.
குழாயில் சொட்டு வராத கோடை அது.
ஐந்து வருஷமும் பம்பில் காற்றுதான் வந்தது.

பிறகு ஆற்றோரத்தை இடித்தார்கள்.
நாலாயிரம் குடும்பத்தை முப்பது கிலோமீட்டர் தள்ளி
எட்டு மாடிக்கு ஏற்றினார்கள்.
வாக்காளர் பட்டியலில் கதவு எண்கள் அப்படியே நின்றன,
பின்னால் வீடு இல்லாமல்.
தேர்தலன்று லாரி வைத்து அழைத்து வந்தார்கள்.
ஒரு பகல் மட்டும் தெரு நிறைந்து
சாயங்காலம் பிரியாணி இலைகளோடு காலியானது.

நானும் போனேன், லாரியில் இல்லை.
பதினாறு வருஷம். விசா, கடன்,
லீவு கிடைத்தால் தேர்தல் வேறு மாசம்.

இங்கேயும் நவம்பரில் ஓட்டு நடந்தது.
எதிர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாலு பெட்டி தண்ணீர்
தள்ளுவண்டியில் கொண்டுபோய் இறக்கினேன்.
வரிசையில் நின்ற அபு யாசிர் கேட்டார்,
உன் ஊரில் நீ போடுவாயா என்று.
போடுவேன் என்றேன்.
அரபியில் பொய் சொல்ல நாலு வார்த்தை போதும்.

மூன்றாம் சுற்றில் சவரிநாயகம் வருகிறான்,
ராத்திரி டூட்டி காக்கியோடு.
கடனுக்கு ஒரு லபன். ‘பூட்டு முந்துது.’
ஏழாம் சுற்றில் ஷேக் மைதீன்.
‘தராசு. மசூதித் தெருப் பெட்டி திறந்தாச்சு.’
மூன்று பேரும் ஒரே பூத்,
மாநகராட்சிப் பள்ளி, நாலாம் நம்பர் அறை.
மூன்று பேரும் இங்கே.

போன மாசம் ஓட்டுப்பதிவன்று ரோசலின் கூப்பிட்டாள்.
‘உன் ஓட்டு விழுந்துட்டுது’ என்றாள்.
ஒன்பது நாற்பதுக்கே.
ஏஜென்ட் ஸ்கேல் வைத்து அடித்த கோட்டைக் காட்டினாராம்:
எபிநேசன், த/பெ தாவீது, நாற்பத்தொன்று, ஆண்.
கையெழுத்தும் இருக்காம்.
‘உன்னுதைவிட நல்லா இருக்கு.’
சண்டை போட்டியா என்றேன்.
‘எதுக்கு? நீ வந்து போடப் போறியா?’
பின்னால் யாரோ அவளை நகரச் சொன்னார்கள்.
கட் ஆகிவிட்டது.

கடைசிச் சுற்று.
நாற்பத்துமூன்று வித்தியாசம். தராசு.
பூட்டுக்காரர்கள் திரும்ப எண்ணச் சொல்லி
மேஜையைத் தட்டுகிறார்கள், போனில் சத்தம் இரைகிறது.
நாற்பத்துமூன்றில் நான் இருக்கிறேனா,
தோற்ற பக்கம் நிற்கிறேனா,
எனக்குத் தெரியாது.
ரகசிய வாக்கெடுப்பு என்றால் இதுதான் போலும்.
‘யாருக்குடா போட்டே?’ சவரி புரையேறச் சிரிக்கிறான்,
லபன் சட்டையெல்லாம்.

அந்த ஆளை என்றாவது கண்டுபிடிக்க வேண்டும்.
அடிப்பதற்கில்லை.
ஒன்பது நாற்பதுக்கு வெயில் ஏறியிருந்ததா,
என் பேரைக் கூப்பிட்டபோது உடனே திரும்பினானா,
நாலாம் அறையில் அந்த ஃபேன்
இப்போதாவது ஓடுகிறதா
என்று கேட்க.