தோற்றம், மறைவு

தோற்றம் 12.3.1951 என்று அடித்தேன்.
மறைவு என்று தொடங்கும்போது
திரை கறுத்தது.
பிறகு நிறுவனத்தின் பெயர்,
சுற்றுகிற புள்ளிகள்,
நல்வரவு.

ஐந்தாவது தடவை.
காலையிலிருந்து சூசையடிமை
என் மேசையில்
பிறந்துகொண்டே இருக்கிறார்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மகன் ரீகன்.
விடியக்காலை திருவனந்தபுரத்தில் இறங்கியவர்,
தோள்பையில் விமானச்சீட்டு வால் இன்னும் தொங்குகிறது.
நாலு மணிக்கு அடக்கம்.
அதற்குள் குளச்சல் முக்கிலும்
ஏலக்கூடத்துச் சுவரிலும்
அப்பாவை ஒட்டியாக வேண்டும்.
படம், யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது,
வெட்டியும் போகாமல்
ஓரத்தில் ஒரு பட்டுத்தோள்.

"பேரு நிக்குதா அக்கா?"
"பேரு நிக்குது. தேதிதான் நிக்கல."

ஒரு வாரமாக இதே பாடு என்றேன்.
வைரஸ் தேடினேன், இல்லை.
விசிறியில் அப்பியிருந்த தூசியை
பழைய பல்துலக்கியால் எடுத்தேன்.
ராம் தகட்டை உருவி
பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
பக்கத்து வீட்டு மோட்டாரைச் சந்தேகித்து
அவர்களிடம் முகம் திருப்பினேன்,
மோட்டார் ஓடாத நடுராத்திரியிலும் அணைந்தது,
முகத்தை இன்னும் திருப்பவில்லை.
கருங்கல் கடைக்காரர் பார்க்காமலே சொன்னார்,
எஸ்.எம்.பி.எஸ். போச்சு, ரெண்டாயிரம்.
பதிவேட்டைத் திறந்தால்
ஒரே வாக்கியம் நாற்பது முறை:
முறையாக நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது.
இது எனக்கே தெரியுமே.

ரீகன் எழுந்தார்.
ஷார்ஜாவில் பதினொரு வருஷம் ஏசி மெக்கானிக்.
"ஸ்குரு டிரைவர் கிடக்கா?"

பக்கத்தகட்டைக் கழற்றி,
காய்ச்சல் பார்ப்பதுபோல்
புறங்கையை உள்ளே வைத்தார்.
"சூடு இல்ல."
பிறகு ஒன்றும் செய்யாமல்
தரையில் குந்தியிருந்தார்.
ஆறாவது தடவை கறுத்தது.

"பாத்தியளா, ஃபேன் நிக்கல.
கரண்ட் போனா அது நிக்கணும்லா.
இது யாரோ அமுக்குத மாதிரியாக்கும்."

முகப்பைப் பிடுங்கினார்.
உளுந்தளவு ரீசெட் பொத்தான்,
அதன் பின்னால் பச்சையும் சிவப்புமாகத் துரு.
கடல் என் வீட்டிலிருந்து இருநூறு அடி,
சன்னல் கம்பியைத் தின்றது,
சைக்கிள் செயினைத் தின்றது,
இப்போது விரல் நீட்டி
இதையும் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு ஒயர்.
மதர்போர்டிலிருந்து உருவினார்.
"இனி அமுக்கினாலும் ஒண்ணும் ஆவாது.
கொஞ்சம் ஓடட்டு, பாப்போம்."

பார்த்தோம்.
பத்து நிமிஷம். இருபது.
நான் எதையும் தட்டவில்லை.
"அப்பாக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தேன்," என்றார்,
"பேசி முடிச்சா அணைச்சு வச்சிருவாரு.
சார்ஜ் மிச்சமாம்.
நான் விளிக்கும்போ கிடைக்காது."
விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

முப்பதாவது நிமிஷம்
தேதி என்ன என்று கேட்டேன்.
நேற்றைய தேதி, எனக்குத் தெரியாததல்ல.
சொன்னார்.
அடித்தேன்.
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார்,
கறுக்குமா என்று.
கறுக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் நின்றார்.

அறுபது தாள்.
பசைவாளி அவரே கொண்டு வந்திருந்தார்.
காசு வேண்டாம் என்றேன்,
எண்ணி வைத்துவிட்டுப் போனார்,
ஐம்பது ரூபாய் கூடுதலாக.

மோட்டார் வீட்டுக்கு நேற்று
நெத்தோலிக் குழம்பு கொடுத்துவிட்டேன், காரணம் சொல்லாமல்.
பாத்திரம் திருப்பித் தர வந்த பையன்
மேசைக்கு அடியில் புகுந்து
அந்தப் பொத்தானை
அமுக்கி அமுக்கிப் பார்க்கிறான்.