பக்கம் 143

விருதுச் செய்தி வந்தபோது
நந்தனத்தில் புத்தகக் காட்சியின் நான்காம் நாள்.
417ஆம் அரங்கில் தேவசகாயம் அண்ணன்
தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி
பில் போட்டுக்கொண்டிருந்தார்.
மதியம்வரை பதினொரு பிரதி.
இரவு கடை சாத்தும்போது இருநூறு.
ராயப்பேட்டை அச்சகத்திலிருந்து
வட்ட வட்டமாய்த் தங்க ஸ்டிக்கர் வந்திறங்கியது.
பழைய விலையின் மேல் ஒன்று,
அட்டையில் இருந்த படகின் மேல் ஒன்று.
படகு மூழ்கிவிட்டது. யாரும் கேட்கவில்லை.

நான் மெய்ப்புப் பார்ப்பவள்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்,
அடிக்குறிப்பு இருந்தால் பதினைந்து.
நன்றியுரையில் என் பெயர் ஏழாவதாக வரும்.
ஒருமுறை எழுத்துப் பிழையோடும் வந்திருக்கிறது.

ஞாயிறன்று சிற்றரங்கில் பாராட்டுக் கூட்டம்.
பேச ஒன்பது பேர். கேட்கப் பதினான்கு பேர்,
அதில் நான்கு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.
விமர்சகர் திருமேனிநாதன்
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்:
‘அவள் நெடுநேரம் கறையில் நின்றாள்.’
பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
‘கரையில் நிற்காத கதாநாயகி உண்டா தமிழில்?
கறையில் நிற்க இவளுக்குத்தான் துணிச்சல் வந்தது.
ஓர் எழுத்து, ஐயா, ஒரே ஓர் எழுத்து.
இந்த வல்லின றகரத்துக்கே கொடுக்கலாம் விருதை.’
கைதட்டல்.
எனக்குக் காதுமடல் சுட்டது.

என் அலைபேசியில் இருக்கிறது மூன்றாம் மெய்ப்பு.
பக்கம் 143, மேலிருந்து ஒன்பதாம் வரி,
சிவப்பில் வட்டம், ஓரத்தில் என் கையெழுத்தில் ‘ர’.
டிடிபி ஜெபராஜுக்கு அன்று காய்ச்சல்.
திருத்தம் ஏறவில்லை.
நடந்தது அவ்வளவுதான்.

அண்ணன் காதில் சொல்லிப் பார்த்தேன்:
‘அண்ணே, அது பிழை.’
‘விக்குதும்மா’ என்றார்.

மேடையில் அருள்நங்கை
தண்ணீர் பாட்டிலைத் திறந்து,
குடிக்காமல் மூடி, மறுபடி திறந்தாள்.
ஏற்புரையில் சொன்னாள்:
‘அந்த எழுத்துக்காக மூணு ராத்திரி தூங்கல.’
சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.
ஆறு ஆண்டாக அவளுக்கு
ராயல்டி என்று வந்ததெல்லாம்
அவள் புத்தகமே, இருபத்தைந்து பிரதி.

அதற்குள் முகநூலில் அடிதடி.
றகரம் ஆதிக்கத்தின் குறியீடு என்று ஒருவர்,
உடலின் அரசியல் என்று இன்னொருவர்,
நாவலை இன்னும் வாங்கவில்லை என்ற முன்குறிப்போடு
ஆயிரத்து இருநூறு சொல்லில் மூன்றாமவர்.
ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர்
பெங்களூரிலிருந்து கேட்டிருந்தார்:
இந்த ரகர றகரத்தை நான் எப்படிக் கொண்டுபோவேன்?
நல்ல கேள்வி. பக்கக் கணக்கில் வராத கேள்வி.

பேருந்து நிறுத்தத்தில் அவள் அழைப்பு.
‘அக்கா, ரெண்டாம் பதிப்பும் உங்ககிட்டதான வரும்?’
‘வரும்.’
‘அந்த எடம் மட்டும்…’
முடிக்கவில்லை. பின்னால் குக்கர் விசிலடித்தது.

சைதாப்பேட்டைப் பாலத்தில் நெரிசல், பேருந்து நின்றது.
கீழே அடையாறு. வாடை வந்தது, நீர் தெரியவில்லை.
எங்கே கரை, எங்கே கறை என்று
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

அந்த டிசம்பரில் ஆறு எங்கள் தெருவுக்கு வந்தது.
வடிந்த பிறகு கூடத்துச் சுவரில்
என் மார்பு உயரத்துக்கு ஒரு கோடு.
இரண்டு முறை வெள்ளையடித்தும்
ஈரமான நாட்களில் மேலெழும்.
கறை என்றுதான் சொல்லிவந்தோம்.
ஓர் இரவு முழுக்க
ஆற்றுக்கு அதுதான் கரையாக இருந்தது.

மார்ச்சில் இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு வந்தது.
143ஆம் பக்கத்தில்
பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: இருக்கட்டும்.
அடுத்த வரியில்
‘கால்களை கழுவினாள்’.
க் விட்டுப்போயிருந்தது.
போட்டேன்.