ஏழு கிலோ வரை

கமலாபுரம் விமான நிலையத்தில்
எடை மேடை எட்டு, புள்ளி ஒன்று என்றது.
கைப்பை ஏழுதான் மேடம், என்றாள் கவுண்டர் பெண்.
துணியை அவிழ்த்தேன்.
உள்ளே திணித்திருந்த இரண்டு ரவிக்கை, சீப்பு,
சார்ஜர், தட்டுவடைப் பொட்டலம்
எல்லாம் வெளியே வந்தும்
ஏழு, புள்ளி எட்டு.

இனிக் குறைப்பதென்றால்
கழுத்தைக் கொஞ்சம் சீவ வேண்டும்,
சுருதி கெட்டுவிடும், பரவாயில்லையா என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை.
"லக்கேஜ்ல போட்டுடுங்க, ஸ்டிக்கர் ஒட்டித் தரேன்."
ஸ்டிக்கரில் உடைந்த கண்ணாடிக் கோப்பை.
உடைந்ததையே படமாகப் போடுகிறவர்களிடம்
உடையாத ஒன்றை எப்படிக் கொடுப்பது?
எண்ணூறு கிராமுக்குப் பணம் கட்டினேன்.
கடம் வாங்கிய விலையில் பாதி.

சோதனைக் கருவி கழுத்தருகே கீச்சிட்டது.
மண்ணில் இரும்புத்தூள் கலந்திருக்கிறது என்றேன்
எனக்கு வந்த இந்தியில்.
காவலர் நம்பவில்லை.
இதே கருவியைக் கஞ்சமலைப் பக்கம் கொண்டுபோனால்
மலை முழுக்க அல்லவா கத்தும்?
"உள்ளே என்ன?"
"ஒன்றுமில்லை."
முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார்.
ஒன்றுமில்லைதான்.
ஒன்றுமில்லாததை இத்தனை துணி சுற்றி
எதற்குச் சுமக்கிறாய் என்று
வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது.
நாளை ஐதராபாத்தில் ஏழு மணிக் கச்சேரி,
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் சம்பளம்
என்று சொல்லுமளவுக்கு என் இந்தி போதாது.

விசிறி வைத்த சின்ன விமானம், பாதி காலி.
பின்பக்கம் எடை போதவில்லையாம்,
முன்வரிசையில் சிலரை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள்.
கூடுதல் என்று காசு வாங்கிய எண்ணூறு கிராமும்
என்னோடு எழுந்து போயிற்று.
பதினேழாம் வரிசை. ஜன்னலோரம் கடம்,
வயிற்றைச் சுற்றி பெல்ட்.

விசிறி வேகமெடுத்தபோது அது தானாக முனகியது.
வாயைப் பொத்தினேன், உள்ளங்கை நடுங்கியது.
கீழே சேர்வராயன் மலை சரிந்து நின்றது,
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவெல்லாம்
பேனா எழுதுகிறதா என்று
யாரோ கிறுக்கிப் பார்த்ததுபோல.

நடைவழிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர்
துணி மூட்டையையே பார்த்திருந்தார்.
"யாருங்கம்மா?"
புரியவில்லை.
"அஸ்தி யாருதுங்க?"
சிரித்துவிட்டேன்.
"கடம்ங்க. கச்சேரியில வாசிக்கிறது."
"அப்படிங்களா" என்றவர்
தலைக்கு மேலே பெட்டியைக் காட்டினார்.
"என்னது, தம்பிங்க."

சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பெயர் அர்த்தநாரி, ஊர் தாரமங்கலம்.
தம்பி முப்பது வருடம் லாரி ஓட்டியவன்.
"ஜவ்வரிசி லோடு ஏத்திக்கிட்டு
காசி வழியா எத்தனை நடை போயிருப்பான்.
ஒருநாளும் ஆத்துல எறங்குனதில்லீங்க.
லோடு லேட்டாயிருமாம்."
தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவில்லை, மூடினார்.
"எடை போட்டாங்க. ரெண்டரை கிலோ.
ஆளு எம்பது கிலோ இருப்பான்."

பிறகு இருவரும் பேசவில்லை.
கடம் மட்டும் கொஞ்சம் முனகிக்கொண்டே வந்தது,
நான் பொத்தவில்லை.

ஐதராபாத்தில் இறங்கும்போது
அவர் தம்பியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.
நான் கடத்தை.
இரண்டுமே துணி சுற்றியவை, இரண்டுமே உருண்டை.
நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை.
ஓர் இளைஞன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து
அவருக்கு இடம் கொடுத்தான்.
அடுத்து ஒரு பெண் எழுந்து
தலையைக் குனிந்தபடி எனக்கும் கொடுத்தாள்.

உட்கார்ந்துகொண்டேன்.
ஒன்றுமில்லை என்று
அவளிடம் நான் சொல்லவில்லை.