படத்தில் உள்ள பொருள்கள் விலையில் சேரா

மூன்று பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு:
நீ, நான், வீட்டு முகவர் ஹுவீ லிங்.
நாமிருவரும் இப்போது பேசிக்கொள்வது
அங்கே மட்டும்தான்,
அதுவும் அவளுக்குப் புரியட்டுமென்று
ஆங்கிலத்தில்.

நேற்றிரவு பதினோரு படங்கள் வந்தன.
செங்காங், ஒன்பதாம் மாடி, நாலறை வீடு.
நம்முடையதுதானா என்று
கதவு எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
காலி வீட்டைப் படமெடுத்துக் கொடுத்தாளாம்,
மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொண்டதாம்,
படத்துக்கு நாற்பது விநாடி.

நாற்பது விநாடி!
ஒரு சோபாவுக்காக நாம்
எத்தனை ஞாயிறு தெம்பனிஸ் வரை போனோம்.
நீ சாம்பல் என்றாய்,
நான் அழுக்குத் தெரியாத பழுப்பு என்றேன்,
வாயைத் திறக்காமல் பேருந்தில் திரும்பினோம்.
ஒன்பது வருடம்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே சண்டை போட்டோம்.
அது பாட்டுக்கு
ஒரு பச்சை சோபாவைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
நன்றாகத்தான் இருக்கிறது.
அதுதான் எரிச்சல்.

மேசைமேல் கிண்ணம் நிறைய எலுமிச்சை.
நம் வீட்டுக்கு எலுமிச்சை வந்தால்
ஊறுகாய்க்கு,
இல்லையென்றால் என் புது வண்டியின் சக்கரத்துக்கு.
சும்மா பார்ப்பதற்கு யார் வாங்குவார்கள்?

புகலிட அறையின் இரும்புக் கதவைக் காணோம்.
மின்விசிறிக்கு ஐந்து இறக்கை.
கூடத்தில் இளங்காலை வெயில் வழிகிறது.
மேற்கு பார்த்த வீடு நம்முடையது,
நாலு மணிக்கு மேல்
தரையில் வெறுங்கால் வைக்க முடியாது,
திரைச்சீலையை நனைத்துத் தொங்கவிடுவாய்.
சூரியனைத் தூக்கி
அந்தப் பக்கம் வைத்துவிட்டது,
இன்னொரு சோபாபோல.

'நைஸ்' என்று நீ அனுப்பினாய்.
நான் கட்டைவிரல்.

பிறகுதான் சின்ன அறையின் படத்தைத் திறந்தேன்.
எழுதும் மேசை, நாற்காலி, ஒரு செடி.
சீலிங்கில் நாம் அடித்த கொக்கி
எதற்கென்று அதற்கு விளங்கவில்லை போலும்.
அழிக்கவில்லை.
மூங்கில் கூடை விளக்கொன்றை
அதில் தொங்கவிட்டிருந்தது.
எரிந்துகொண்டும் இருந்தது.

உன் பெயருக்குக் கீழே
'எழுதுகிறார்' என்று வந்தது.
நின்றது.
மறுபடி வந்தது.
பிறகு வரவில்லை.

இன்று வீடு பார்க்க வந்தவர்கள்
ரிட்ஸ்வான், அவன் மனைவி ஹஸ்லீனா.
ஒவ்வோர் அறையிலும் அவள்
கைபேசியை உயர்த்திப் பிடித்து
படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
கேட்காமலேயே நான்
மாலை வெயிலைப் பற்றிச் சொன்னேன்,
நனைத்த திரைச்சீலை உட்பட.
ஹுவீ லிங் என்னை முறைத்தாள்.

சின்ன அறையில்,
"விளக்கு?" என்றாள் ஹஸ்லீனா.
படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை
ஹுவீ லிங் விரல் வைத்துக் காட்டினாள்.
அவளோ அதைப் படிக்கவில்லை.
தலையைப் பின்னால் சாய்த்து
கொக்கியையே பார்த்தாள்.
கணவன் பக்கம் திரும்பி
மெல்ல, "புவாயான்" என்றாள்.
மலாய்க்காரர்களோடு
பதினாறு வருடம் வேலை பார்த்தவன் நான்,
அவர்களும் தொட்டிலை
சீலிங்கில்தான் கட்டுவார்கள்.

"எவ்வளவு எடை தாங்கும்?"

"இருபது கிலோ என்றான் துளை போட்டவன்.
நாங்கள் தொங்கவிட்டுப் பார்த்ததில்லை."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே எல்ஆர்டி ஒன்று
வளைவில் கிறீச்சிட்டுப் போனது.

ராத்திரி குழுவில் செய்தி:
கேட்ட விலைக்கு எட்டாயிரம் குறைவு,
முன்பணம் ஆயிரம் வெள்ளி நாளைக்கே.
கூடவே மூன்று பட்டாசுப் படங்கள்.

பதினொன்றரைக்கு நீ,
அதே குழுவில்,
ஒன்றரை வருடத்தில் முதன்முறை தமிழில்:
'கொக்கியக் கழட்டிட்டியா?'

ஹுவீ லிங் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நான் இன்னும்
எழுதிக்கொண்டிருக்கிறேன்.