ரிட்டர்ன் வாடகை

பொம்மனஹள்ளி சிக்னல் தாண்டி
டயர் கடைக்கு மேலே என் ஆபீஸ்.
ஒரு மேஜை, இரண்டு போன்,
ஊர்ப் பெயர்களும் ரேட்டும் எழுதிய வெள்ளைப் பலகை.
பெங்களூர் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று
சர்க்கார் எண்ணி முடிப்பதற்குள்
எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தூரிலிருந்து ஒரு வீட்டை இங்கே கொண்டுவர
நாற்பத்திரண்டாயிரம்.
அதே லாரி, அதே கட்டில், அதே சாலை,
இங்கிருந்து இந்தூருக்கு என்றால்
இருபத்து மூன்றுக்கே இறங்கி வருவேன்.
திரும்பிப் போக ஆளில்லாவிட்டால்
லாரி காற்றை ஏற்றிக்கொண்டு போகும்.
காற்று வாடகை கொடுப்பதில்லை.

நாக்பூர்க்காரர்கள் கூலரைக் கட்டிக்கொண்டு வருவார்கள்,
அலமாரி உயரத்துக்கு, தகரத்தில்.
இங்கே தேவைப்படாது சார் என்பேன் முன்பெல்லாம்.
இப்போது சொல்வதில்லை.

ஒரே ஒரு வருஷம் பலகை தலைகீழானது.
எல்லாரும் போனார்கள்.
பி.ஜி. அறைகளிலிருந்து மெத்தை, குக்கர்,
பாதி மாவு இருந்த டப்பா,
சாவியைக் கொரியரில் அனுப்பியவர்கள் வீட்டை
நாங்களே பூட்டுத் திறந்து கட்டினோம்.
வெளியே போக அறுபதாயிரம், உள்ளே வர
என்ன கொடுத்தாலும் சரி.
நகரம் முடிந்தது என்றார் டயர் கடைக்காரர்.
பதினெட்டு மாதம் கழித்து
அதே பெட்டிகள் வந்தன,
என் நம்பர் அச்சடித்த டேப் கூட உரியாமல்.

இப்போது பாதி வேலை ஊருக்குள்ளேயே.
கோரமங்களாவிலிருந்து சர்ஜாபூர்,
சர்ஜாபூரிலிருந்து அத்திப்பள்ளி,
வாடகை ஏற ஏற ஒரு டோல்கேட் தள்ளி.
ரெஹானா மேடத்துக்கு இது நாலாவது.
இந்தத் தடவை ஓசூர், மாநிலமே மாறிவிட்டது,
வேலை மட்டும் அதே கண்ணாடிக் கட்டடத்தில்.
வாசலில் தண்ணீர் டேங்கர் நின்றால்
என் லாரி பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டும்.
முதல் மரியாதை அதற்குத்தான்.

சாமானுக்கு லிஃப்ட் கிடையாது என்கிறது அசோசியேஷன்.
துக்கிஷ்யாம் ஃப்ரிட்ஜை முதுகில் கட்டி
ஏழு மாடி ஏறுகிறான்.
நடுவில் நின்றால் மறுபடி கிளம்ப முடியாதாம்,
அதனால் நிற்பதில்லை.
ஆறு வருஷமாக அடுத்தவர் வீடுகளைத் தூக்குகிறான்.
அவன் வந்தது ரயிலில், ஒரு பையோடு.
அந்தப் பை எந்தக் கணக்கிலும் இல்லை,
என் பலகையிலும்.

போன வியாழன் ராத்திரி, கயிறு சுற்றிக்கொண்டே கேட்டான்:
அண்ணா, பலாங்கீருக்கு என்ன ரேட்?
யாருக்கு என்றேன்.
பதில் சொல்லவில்லை.
பிறகு, ஒரு தையல் மிஷின், என்றான்.
ஒரு டிரங்குப் பெட்டி.
அவர்கள் ரயிலில் வந்துவிடுவார்கள், மகளுக்கு
பேகூர் பள்ளியில் இடம் சொல்லியிருக்கிறது.

பேனாவை எடுத்தேன், பழக்கம்.
ஒன்றரை டன் குறைந்தபட்சம்,
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், இன்சூரன்ஸ், டீசல்.
எழுதிப் பார்த்தால்
மிஷின் விலையைப் போல ஆறு மடங்கு.
சம்பல்பூரிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர் வீடு
ஞாயிறன்று கிளம்புகிறது,
பலாங்கீர் வழிதான்.
சோபாவுக்கும் பீரோவுக்கும் நடுவே
ஒரு மிஷின் நிற்கலாம்.
மேனேஜருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பலகையில் பலாங்கீர் என்று எழுதினேன்.
ரேட் பக்கம் என்ன போடுவது என்று தெரியாமல்
கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
வாணியம்பாடியிலிருந்து நான் வந்ததும்
தோல் லாரி ஒன்றின் மேல் படுத்து, சும்மாதான்.
அதை இவனிடம் சொல்லவில்லை.

போன் அடித்தது.
காசியாபாத், டூ பிஎச்கே, மாதக் கடைசிக்குள், என்றாள் ஒரு பெண்.
கூலர் ஒன்று இருக்கிறது,
விற்றுவிடவா, கொண்டுவரவா?

கொண்டுவாருங்கள், என்றேன்.