பிழைத்தது

மூன்று நாள் கம்பைலரைச் சந்தேகிக்கவில்லை.
பெர்கனில் குடியிருந்துகொண்டு மழையைத் திட்டுவதுபோல்
அது எங்கள் தொழிலில் சிறுபிள்ளைத்தனம்.
"கம்பைலரைக் குறை சொல்பவள்
கண்ணாடி பார்க்க மறந்தவள்" என்பான்
அடுத்த மேசை தோர்கிரிம்,
ரொட்டியின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே.
இருமுறை குறை சொல்லி
இருமுறையும் என் தவறே என்று
மன்னிப்பு எழுதிய கை இது.

ஆனாலும் எண்கள் இப்படி வந்தன:
வேகத்தின் இரண்டாம் நிலையில் தொகுத்தால்
வியாழன் காலை உயர்நீர் ஒன்றரை மீட்டர்.
மூன்றாம் நிலையில்
அதே கடல், அதே நிலா,
கழித்தல் நாற்பது.
துறைமுகம் ஒரு நொடியில் வற்றி
படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன
என் திரையில் மட்டும்.

வெட்டத் தொடங்கினேன்.
முப்பத்தெட்டாயிரம் வரி. பாதி நான் பிறக்கும் முன் எழுதியது;
எழுபத்திரண்டாம் பத்திக்கு அப்பால்
என்ன சொன்னாலும் காதில் விழாத காலத்தது.
ஐ முதல் என் வரை
எந்த எழுத்தில் பெயர் தொடங்கினாலும்
கேட்காமலே முழுஎண் ஆகிவிடும்.

காற்றை நீக்கினேன். பிழை பிழைத்தது.
உப்பை நீக்கினேன். பிழைத்தது.
நிலாவை, கை கொஞ்சம் தயங்கி, நீக்கினேன்.
ஓதமே இல்லாத கடலிலும்
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.
பிறகு கரை, பிறகு தீவுகள்,
அஸ்கய் தீவில் என் தம்பி வீடு நிற்கும் கட்டம்,
ஆழம், அடித்தரை, கடைசியாகத் தண்ணீர்.
ஒன்றை எடுத்தபோது மட்டும் காணாமல் போனது:
பின்னிருந்து முன்னாக எண்ணும் ஒரு சுழல்.
பதறிப்போய்த் திரும்ப வைத்தேன்.
நோய் திரும்பியதும்தான் மூச்சு வந்தது.

பதினோரு வரி மிஞ்சியது.
கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்றை அடுக்கி
கடைசியிலிருந்து கூட்டு என்கிறது.
ஆறு வர வேண்டும்.
வரவில்லை.

எழுதி அனுப்பினேன். இரவு இரண்டு மணிக்கு
புர்னோ நகரிலிருந்து ஸ்திபோர்:
"என்னிடம் ஆறுதான் வருகிறது.
எந்தப் பதிப்பு, எந்தச் செயலி, என்னென்ன கட்டளைகள்?"
மூன்றாம் நிலை என்பதையே
எழுத மறந்திருந்தேன்.
காது சுட, சேர்த்து அனுப்பினேன்.
பத்து நிமிடம்.
"ஆமாம். இங்கும்."
தோர்கிரிமை உலுக்கி எழுப்ப வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ஸ்திபோர் இன்னொன்றை அனுப்பினான்.
ஆறு ஆண்டுக்கு முன் புந்தா அரீனாஸிலிருந்து
எதெல்மிரா ஓயார்சோ என்றொருத்தி
பனிப்பாறை உருகும் கணக்கில்
இதையே சொல்லியிருக்கிறாள்,
நாலாயிரம் வரியை அப்படியே இணைத்து.
சுருக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.
பதில் இல்லை.
தொண்ணூறாம் நாள், தகவல் போதாதென்று மூடியாயிற்று.
மூடியது நான்தான், என்றும் எழுதியிருந்தான்.
அவளுடைய முதல் வரி:
"தவறு என்னுடையதாகவே இருக்கலாம், மன்னிக்கவும்."
எனக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம்.

திருத்தம் ஒரே குறி.
"சிறியது" என்பது
"சிறியது அல்லது சமம்" ஆனது.
கீழே இரண்டு பெயர்,
அவளுடையது முதலில், நான் கேட்டுக்கொண்டதால்.
அந்தப் பழைய முகவரிக்குக் கடிதம் போட்டேன்; திரும்பி வந்தது.
பதினோரு வரி இனி ஒவ்வோர் இரவும் புர்னோவில் ஓடும்.
ஆறு வந்தால் ஒன்றும் சொல்லாது.

வியாழன் வந்தது. ஒன்றரை மீட்டர்.
மீன் சந்தைப் படியில் நான்காவது கல்வரை நனைந்தது.
நாற்பது என்பதால் கண்ணில் பட்டது.
ஒன்றே முக்கால் என்று வந்திருந்தால்
யார் கேட்டிருப்பார்கள்?

பழைய கோப்புகளைத் திறந்திருக்கிறேன்.
ஆறு ஆண்டுக் கடல்.
தோர்கிரிம் தன் நாற்காலியை இழுத்துவந்து
பாதியை எடுத்துக்கொண்டான்.
கண்ணாடி பற்றிப் பேசவில்லை.