தொழில்: மூட்டை

காலை ஆறே முக்கால். வெறும் வயிறு.
டோக்கன் பதினேழு, தஸ்தகீர், ஐம்பத்தெட்டு.
முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருக்கிறது.
தொழில் என்ற கட்டத்தில்
'மூட்டை' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

வேலூர் மண்டித் தெருவில் முப்பத்தோரு வருஷம்.
அணைக்கட்டுப் பக்கமிருந்து வரும் வெல்லம்.
கசிந்து பிசுபிசுத்த சாக்கு
எப்போதும் இடது தோளில்தான்.
"இனிப்பு தோள்மேல இருந்த வரைக்கும்
ரத்தத்துல இல்லம்மா."
லாரிப் பலகை வழுக்கி இடுப்பில் விரிசல்.
பதினாலு மாசம் கட்டில்.
எழுந்தபோது சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

ஸ்கேன் மேசையில் படுக்க வைக்கிறேன்.
அசையாதீங்க பாய்.
"அதான் பழகிடுச்சே."

திரையில் அவர் எலும்பு
பாலாறு மாதிரி தெரிகிறது.
பாலத்தில் போகிறவர்களுக்கு மணல்.
ஊற்றுத் தோண்டுகிறவளுக்கு மட்டும்
அடியில் ஏதோ போய்க்கொண்டிருப்பது தெரியும்.

நான் படித்த காலத்தில் எலும்பு என்றால் தூண்,
சுண்ணாம்பு,
சதையை மாட்டிவைக்கும் ஆணி.
இப்போது வேறு சொல்கிறார்கள்.
அது ஓயாமல் தன்னையே இடித்துக் கட்டுமாம்,
கூலியாகச் சர்க்கரை வாங்கித் தின்னுமாம்.
இடிபாட்டிலிருந்து ஒரு சின்னப் புரதம்
ரத்தத்தில் இறங்கிப் போய்
கணையத்தைத் தட்டி எழுப்புமாம்:
இங்கே வேலை நடக்கிறது, இன்சுலின் அனுப்பு.
எலிகளிடம் பார்த்துவிட்டார்கள்.
மனிதரைப் பற்றி
இன்னும் சண்டை ஓயவில்லை.

சண்டை எப்படியும் முடியட்டும்.
எனக்கு ஒரு சந்தேகம்:
வெல்லம் சுமந்த அந்த எலும்பு
முப்பத்தோரு வருஷமும் உள்ளுக்குள்
தின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது,
முதலாளிக்குத் தெரியாமல்,
கணக்கர் நோட்டில் ஏறாமல்.

மைனஸ் இரண்டு புள்ளி ஏழு.
"இது எத்தனை கிலோம்மா?"
கிலோ இல்லை பாய் என்றேன்.
வேறென்ன என்று எனக்கும்
சட்டென்று சொல்ல வரவில்லை.
பாரம் தூக்கக் கூடாது என்பார் மாடி டாக்டர்.
எலும்புக்குப் பாரம் வேண்டும் என்பார் கீழ் டாக்டர்.
இரண்டு சீட்டையும் ஒரே பையில் மடித்துக்கொண்டார்.

வராந்தாவில் துப்புரவுப் பெண் ஜெபகனி
இருபது லிட்டர் கேனோடு மல்லாடுகிறாள்.
நான் வாய் திறப்பதற்குள்
அவர் குனிந்துவிட்டார். இடது தோள்.
கேன் கவிழ்ந்து உட்கார்ந்தது.
பெரிய குமிழி ஒன்று
அடியிலிருந்து எழும்பி மேலே போயிற்று.
அப்புறம் இன்னொன்று.